பன்னிரண்டு இருபது விமானம்

தோஹா விமான நிலையம்,
புதன்கிழமை, காலை பத்து இருபது (இந்த ஊர்க் கணக்கு).

சௌபாக்கியவதி கனிமொழிக்கு, உன் மாமியார் அபிராமசுந்தரி ஆசீர்வதித்து எழுதுவது.

நாளைக் காலை நீ ஆஸ்பத்திரியில் நல்லபடியாக உள்ளே போய் நல்லபடியாக வெளியே வர வேண்டும். மலைமேல் இருப்பவனிடம் இந்த வாரம் முழுக்க நான் கேட்டது இது ஒன்றுதான். மற்ற நலம் விசாரிப்பெல்லாம் நேரில் வைத்துக்கொள்வோம். இந்தக் கடிதத்தை எடுத்து வருகிற, இங்கே பழக்கமான கல்பனா என்ற பெண்ணுக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில் விமானம் ஏற அழைப்பு வந்துவிடும். அதற்குள் எழுதி அவள் கையில் கொடுத்தாக வேண்டும். மடிமேல் கைப்பையை வைத்து, அதன்மேல் டிக்கெட் பிரிண்ட் எடுத்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் தோஹாவில் இருக்கிறேன். திருத்தணியில் இல்லை, சென்னையிலும் இல்லை. விடியற்காலை சென்னையில் ஏறி, ஆறே காலுக்கு இங்கே இறங்கினேன். இங்கிருந்து ஏழே முக்காலுக்கு மான்செஸ்டருக்குப் புறப்பட வேண்டிய விமானம் ரத்தாகிவிட்டது. இயந்திரத்தில் ஏதோ கோளாறாம். எங்களையெல்லாம் வரிசையில் நிற்க வைத்து, சீட்டைச் சரிபார்த்து முடித்த பிறகு சொன்னார்கள்.

‘ஃப்ளைட் கேன்சல்.’ இந்த வார்த்தையை என் வாயால் நீங்கள் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் எழுதவே கை கூசுகிறது. கல்பனா தன் போனிலிருந்து என் பிள்ளை கிரிக்கு மூன்று முறை அடித்துப் பார்த்தாள். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டிருப்பான். என் போன் இங்கே வெறும் டப்பா. விமான நிலையத்து வைஃபை ஓ.டி.பி. கேட்கிறது, அந்த ஓ.டி.பி. நம்ம ஊர் சிம்முக்கு வந்து சேரவே இல்லை. பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடலாம் என்றாள் கல்பனா. நான்தான் தடுத்தேன். போன தடவை உங்களை ஏமாற்றியது போனில்தானே. இந்தத் தடவை அதே வார்த்தையை அதே போனில் சொன்னால் யார் நம்புவார்கள்? என்னைக் கண்ணால் பார்த்த ஒருத்தி, என் கையெழுத்தோடு உன் வீட்டுக் கதவைத் தட்டினால்தான் நம்புவாய் என்று தோன்றியது.

அந்தப் போன தடவையைப் பற்றி உன்னிடம் நான் நேராகப் பேசியதே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன், ஐந்தாம் மாதத்தில் நீ படுக்கையோடு கிடந்தபோது, வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீனம்பாக்கம் வரை வந்தேன். டிராலியைத் தள்ளிக்கொண்டு வாசலில் நிற்கும்போது உன் மாமனார் போன் செய்தார். எனக்குச் சந்திராஷ்டமம் ஆரம்பித்துவிட்டதாம், அவர் கணக்கில் தப்பிவிட்டதாம், இரண்டு நாள் கழித்துப் போகலாம் என்றார். நான் வந்த டாக்சியிலேயே திரும்பிவிட்டேன். கிரியிடம் ஃப்ளைட் கேன்சல் என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து அமாவாசை வந்தது. அப்புறம் மலைக்கோயிலில் கிருத்திகை, உன் மாமனாருக்கு மடைப்பள்ளியில் மூச்சுவிட நேரமில்லாத சமையல். ஒன்பதாம் நாள் குழந்தை தங்கவில்லை என்று போன் வந்தது.

கிரி அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேச்சை எடுத்தான். ‘அந்த ஃப்ளைட் அன்னிக்கு வந்துதும்மா. லேண்ட் ஆனதை நான் கம்ப்யூட்டர்ல பார்த்துண்டேதான் இருந்தேன்’ என்றான். குரலில் கோபம்கூட இல்லை. போனை வைத்துவிட்டான்.

பழியை இத்தனை நாளும் உன் மாமனார் தலையில் ஏற்றி வைத்திருந்தேன். இப்போது நிஜத்தைச் சொல்கிறேன். எனக்கே பயம். அரக்கோணத்துக்கே துணையில்லாமல் ரயில் ஏறாதவள் நான். தனியாக விமானம், தெரியாத பாஷை, குளிர் தேசம். அவர் போன் வந்ததும் எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. நீ அங்கே தனியாகக் கிடக்கிறாய் என்று தெரிந்தும் அப்பாடா என்று இருந்தது. இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

போன மாதம் நீயே என்னைக் கூப்பிட்டாய். கர்ப்பப்பையில் கட்டி, ஒன்பது மாதம் காத்திருந்து ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருக்கிறது, அம்மாவும் இல்லை என்று சொல்லிவிட்டு, ‘அத்தே, காலைல எட்டு மணிக்கு என்னை உள்ள கூட்டிகினு போவாங்க. அது வரைக்கும் நீங்க என் பக்கத்துல நின்னா போதும். வேற ஒண்ணும் வேணாம்’ என்றாய். அந்த ‘வேற ஒண்ணும் வேணாம்’ என்னைத் தூங்க விடவில்லை. டிக்கெட் போட்ட அன்று கிரி சொன்னதும் காதிலேயே இருக்கிறது. ஏர்போர்ட்டுக்கு முன்கூட்டியே வந்து நிற்க மாட்டேன், இறங்கிட்டேன்னு சொல்லு, அப்போ வரேன் என்றான். என்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறான் என்று புரிந்தது. வைக்க வேண்டிய இடம்தான்.

நேற்று செவ்வாய்க்கிழமை. ராத்திரியில் தனியாக டாக்சி வேண்டாம் என்று சாயங்காலமே கிளம்ப ஏற்பாடு செய்தேன். டாக்சிக்காரர் நாலு மணிக்கு வந்து நின்றார். உன் மாமனார் காலை நைவேத்தியம் முடித்து மலையிலிருந்து இறங்கி வந்து படுத்திருந்தார். ‘நாலு மணிக்கா?’ என்றார். ஆமாம், நாலு மணிக்குத்தான் என்றேன். எழுந்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். ஆணியில் தொங்குகிற பஞ்சாங்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அவர் வாய் திறக்காமல் விட்ட முதல் ராகு காலம் அதுதான். திருவள்ளூர் தாண்டும் வரை எனக்கு ஒரே பெருமை. பெரிய தைரியசாலி ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கரும்பு லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமானது. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதியிருக்கலாம், உனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் கிரி விமானக் கம்பெனியில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

விமானம் ரத்தான பிறகு கவுண்டருக்கு முன்னால் நூறு பேர் வரிசை. ஒன்பதரைக்கு என் முறை வந்தது. உட்கார்ந்திருந்தது கேரளத்துப் பெண். என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினாள். ‘அம்மா, இன்னிக்கு மான்செஸ்டருக்கு ஒரே ஒரு சீட்டு உண்டு. பன்ரெண்டு இருபது ஃப்ளைட். எடுக்கட்டுமா?’ என்றாள். அந்த விமானத்தில் ஏறியிருந்தால் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் ஊரில் இறங்கியிருப்பேன்.

என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? ‘பன்னண்டுலேந்து ஒண்ணரை வேண்டாம்மா, அதுக்கப்புறம் இருந்தா பாரு’ என்றது.

நான் யோசித்துச் சொல்லவில்லை கனி. சத்தியமாக யோசிக்கவில்லை. புதன்கிழமை, பன்னிரண்டு என்று காதில் விழுந்ததும் தும்மல் மாதிரி வந்துவிட்டது. நம் வீட்டில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதும், ரவிக்கை தைக்கக் கொடுப்பதும் அந்தக் கணக்கில்தானே. அந்தப் பெண் தலையை ஆட்டினாள், என்னவோ தட்டினாள், நாளைக் காலை ஏழே முக்கால் விமானத்துக்கு ஒரு சீட்டும் ஹோட்டல் அறைக்கு ஒரு சீட்டும் என் கையில் வைத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ரேஷன் கடை வேகம். நான் நாலு அடி நடந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஓடினேன். அதற்குள் அந்தச் சீட்டு எனக்குப் பின்னால் நின்றவளுக்குப் போய்விட்டது.

அவள்தான் கல்பனா. நகரிக்காரி. நம்ம ஊரிலிருந்து அரை மணி நேர பஸ். உங்கள் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நான் கவுண்டர்ப் பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, ‘எதுக்கும்மா வேணான்னீங்க?’ என்று கேட்டாள். ராகு காலம் என்றேன். போனில் மணியைப் பார்த்தாள். ‘இங்க பன்னெண்டுன்னா நம்ம ஊர்ல ரெண்டரைம்மா. அங்க ராகு காலம் முடிஞ்சே ஒரு மணி நேரம் ஆயிருக்கும்’ என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தன் சீட்டை எனக்குத் தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் நாளைக்கு வேலையில் சேர வேண்டும், ஏற்கெனவே லீவு முடிந்து ஒரு நாள் ஆகிவிட்டது. தப்பு செய்தது நான், அவள் ஏன் அவஸ்தைப்பட வேண்டும்? ஆனால் என்னை விட்டு நகரவில்லை. இந்தப் பேனாவும் அவளுடையதுதான்.

ஆக, என் நிலைமை இது. நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டே காலுக்குத்தான் மான்செஸ்டரில் இறங்குவேன். உன்னை எட்டு மணிக்கே உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். நீ கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று எழுதலாம். ஆனால் நீ கேட்டது அதுவல்லவே.

நேரம், நட்சத்திரம் என்று பேச்சு வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன் உன் அப்பா வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உன் ஜாதகத்தை நாலு முனையிலும் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். பத்து நாள் கழித்து, பொருத்தம் இல்லை என்று சொல்லி அனுப்பினோம். அந்த உறையை யாரும் பிரிக்கவே இல்லை கனி. உன் மாமனார் பிரிக்கவில்லை, நானும் பிரிக்கவில்லை. அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறவர் வீட்டுப் பெண் நமக்கு வேண்டாம் என்று அவர் ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே சொன்னார், நான் சரி என்றேன். அதை ஊருக்குச் சொல்ல வாய் வராமல் கிரகங்களின் மேல் பழி போட்டோம். கிரி பிடிவாதம் பிடித்து உன்னைக் கட்டிக்கொண்ட பிறகும் அதைத் திருத்திச் சொல்லவில்லை. உனக்கு ஏதோ தோஷம் என்று இன்றுவரை நீ நினைத்துக்கொண்டிருந்தால், குழந்தை போனதற்குக்கூட அதுதான் காரணமோ என்று ஒரு நாளாவது மனதுக்குள் அழுதிருந்தால், அந்தப் பாவம் எங்களுடையது. உன்மேல் ஒரு தோஷமும் கிடையாது. நாளைக்கு உள்ளே போகும் முன் இதை நீ தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறி நானாகவே போனேன். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். மான்செஸ்டர் போகிறேன், கனிக்கு என்ன எடுத்துப் போகட்டும் என்றேன். ‘நெசமாவே போறீங்களாம்மா? இல்ல, போன வாட்டி மாதிரி...’ என்று ஆரம்பித்து, மரியாதைக்காக மீதியை விழுங்கிக்கொண்டார். பிறகு உள்ளே போய் அவரே நெய்த ஒரு போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆஸ்பத்திரிப் போர்வை பிள்ளைக்குப் பத்தாது என்றார். முழங்கால் வலி பரவாயில்லையாம், பவர்லூம் சத்தத்தில் காதுதான் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. நீ போன் செய்தால் சத்தமாகப் பேசு.

கல்பனா காபி வாங்கப் போயிருக்கிறாள். அவள் வந்ததும் மடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

மணி பதினொன்று இருபது.

மேலே எழுதியதை அடிக்காமல் விடுகிறேன். எல்லாம் உண்மைதான், ஆனால் நாளை மத்தியானம் வருவேன் என்பது மட்டும் மாறிவிட்டது.

காபியோடு வந்த கல்பனா ஒரு சேதியும் கொண்டுவந்தாள். இரண்டே முக்காலுக்கு லண்டனுக்கு ஒரு விமானம் இருக்கிறது, அதில் இடம் இருக்கிறது. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு லண்டனில் இறங்கினால், விமான நிலையத்திலிருந்தே ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பஸ். விடியற்காலை ஐந்தரைக்கு மான்செஸ்டர். ‘எட்டுக்குள்ள தாராளமா போயிடலாம்மா. ஆனா ஒண்டியா போவணும்’ என்றாள்.

முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். லண்டனில் இறங்கி யாரிடம் என்ன கேட்பேன்? பத்தாவதில் படித்த ஆங்கிலம், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தெரியாத தேசத்துப் பஸ் நிலையத்தில், சுங்குடிப் புடவையும் செருப்புமாக நான். பெட்டியும் கூட வராது, அது நாளைக்கு நேராக மான்செஸ்டர் வந்துவிடும் என்கிறார்கள். ஸ்வெட்டர் அந்தப் பெட்டியில். உனக்குப் பிடிக்கும் என்று இடித்த பருப்புப் பொடியும் அதில்தான். இங்கேயானால் ஹோட்டல் அறை கொடுத்திருக்கிறார்கள், சாப்பாடு உண்டு, படுத்து எழுந்து நாளைக்கு நேர் விமானத்தில் ஏறினால் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இதையெல்லாம் கல்பனாவிடம் அடுக்கினேன்.

அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, ‘நான் மொத வாட்டி வந்தப்போ இதே ஏர்போர்ட்ல அழுதுகினே ஒக்காந்திருந்தேன். யாரும் வந்து தூக்கிகினு போவல. நீங்களும் இங்கயே ஒக்காந்திருந்தா நாளைக்கு மத்தியானந்தான். உங்க மருமவ எட்டு மணி வரைக்கும் வாசலையே பாத்துகினு இருக்கும்’ என்றாள்.

அவள் அப்படிச் சொன்னபோது எனக்குள் என்ன ஓடிற்று என்று சொல்கிறேன். ஹோட்டல் சீட்டைக் கையில் வாங்கியபோது, அத்தனை அழுகைக்கு நடுவிலும், உள்ளே ஒரு மூலையில் அதே அப்பாடா வந்திருந்தது. மீனம்பாக்கத்தில் வந்ததே, அதேதான். அதை இன்னொரு முறை அனுபவித்துவிட்டு உன் முகத்தில் நான் முழிக்க முடியாது.

கவுண்டருக்குப் போனோம். அதே கேரளத்துப் பெண் மேலதிகாரி ஒருவரைக் கூப்பிட்டாள். லண்டன் வரைதான் எங்கள் பொறுப்பு, அதற்கு அப்பால் உங்கள் பொறுப்பு, நாளைய சீட்டும் ஹோட்டலும் ரத்தாகிவிடும், பிறகு மாற்ற முடியாது என்று அவர் சொல்ல, அவள் தமிழில் சொன்னாள். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மேஜையைப் பிடித்துக்கொண்டு தமிழில் போட்டேன். இரண்டே முக்கால் நல்ல நேரமா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமலே சொல்லத் தெரிந்தவள்தான், ஆனால் கல்பனாவின் போனையே பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் மனதைப் போக விடவில்லை.

பஸ்ஸுக்கு அவளே தன் போனில் பதிவு செய்துவிட்டாள். ஆங்கிலத்தில் மூன்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். லண்டனில் பாஸ்போர்ட் அதிகாரியிடம் காட்ட ஒன்று. மான்செஸ்டர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க ஒன்று. மூன்றாவதில் உன் பெயரும் ஆஸ்பத்திரி விலாசமும், இந்த அம்மாவை இங்கே கொண்டுபோய் விடவும் என்றும் எழுதியிருக்கிறது. பச்சைக் குழந்தை கழுத்தில் அட்டை மாட்டி அனுப்புவது போலத்தான். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அவள் வாங்கி வந்த காபியைக் குடித்தேன். நேற்று மத்தியானத்திலிருந்து இரண்டு வாழைப்பழத்தைத் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. யார் போட்டது, எந்தப் பாத்திரத்தில் போட்டது என்று கேட்காமல் நான் குடித்த முதல் காபி. ரொம்பக் கசப்பு. ராத்திரி பஸ்ஸுக்காகப் பன் ஒன்றும் பையில் வைத்திருக்கிறாள், அதையும் சாப்பிடுவேன். உன் அப்பா கொடுத்த போர்வை கைப்பையில்தான் இருக்கிறது. குளிர் தாங்காவிட்டால் நான் போர்த்திக்கொண்டு வருவேன், கோபித்துக்கொள்ளாதே.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

கூப்பிட்டுவிட்டார்கள். கல்பனா எழுந்து நிற்கிறாள். சாயங்காலம் ஏழு மணிக்குள் உன் கையில் இதைச் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறாள். அவளை உட்கார வைத்துச் சாப்பிட ஏதாவது கொடு.

கிரியிடம் சொல். ஐந்தரைக்குப் பஸ் நிலையத்துக்கு வர முடிந்தால் வரட்டும். உன்னை விட்டுவிட்டு வர வேண்டாம். வராவிட்டாலும் மூன்றாவது சீட்டைக் காட்டி நான் வந்துவிடுவேன். பயமாகத்தான் இருக்கிறது கனி, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் எனக்குக் கொடு. நாளைக் காலை ஏழு மணிக்கும் நான் அந்த வாசலில் இல்லையென்றால், அத்தை திரும்பிப் போய்விட்டாள் என்று நினைத்துவிடாதே. எங்கேயோ வழி தெரியாமல் நிற்கிறாள் என்று நினைத்துக்கொள். கிரி திருத்தணிக்குப் போன் போட்டு விசாரிக்க வேண்டாம், நான் அங்கே இருக்க மாட்டேன். லண்டனுக்கும் உன் ஊருக்கும் நடுவில் உள்ள ரோட்டில் தேடச் சொல்.

நூறு வயது நன்றாக இருப்பாய்.

உன்னிடம் வந்துகொண்டிருக்கும்,
அத்தை அபிராமசுந்தரி.